வேட்டையாடினால் உடும்பு குறையத்தானே வேண்டும்?

"ஆஸ்திரேலியப் பழங்குடிகள் உடும்பு பிடிக்கிறார்கள், கங்காரு சுடுகிறார்கள், புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். இதற்கு நிலப் பராமரிப்பு என்று பெயர், அரசாங்கம் சம்பளமும் தருகிறதாம். பிடித்துத் தின்றால் விலங்கு குறையத்தானே செய்யும்? குறையாது என்றால் நம்மூரிலும் விட்டுவிடலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உடும்புக் கணக்கு மேலே தெரிவது. வேட்டையும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் படித்து வந்தது சரிதானா, அல்லது பழங்குடி என்றதும் இயற்கையின் காவலர் என்று மாலை போடும் வழக்கம்தான் இங்கேயும் நடக்கிறதா என்பது அடியில் இருக்கும் கேள்வி. என் பதில்: சில இடங்களில், சில விலங்குகளைப் பொறுத்தவரை, வேட்டை நின்ற பிறகுதான் விலங்கு குறைந்தது. வேறு சில விலங்குகளுக்கு இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. எது எங்கே என்று விளக்கக் கொஞ்சம் நீளம் தேவைப்படும்.

முதலில் சம்பள விஷயம். வேட்டையாடுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. 2007 முதல் மத்திய அரசு பழங்குடி ரேஞ்சர் குழுக்களுக்கு நிதி தருகிறது. உரிய பருவத்தில் தீ வைப்பது, களை எடுப்பது, பூனை, ஒட்டகம் போன்ற அயல் விலங்குகளைக் கட்டுப்படுத்துவது, அரிய உயிரினங்களின் தடம் பார்த்துப் பதிவது ஆகியவை அவர்கள் வேலை. 1998-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் நன்டவரினாவில் தொடங்கிய பழங்குடிப் பாதுகாப்புப் பகுதிகள் இன்று அந்நாட்டின் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ பாதி. வேட்டை அவரவர் வீட்டுச் சாப்பாட்டுக்கானது. ஆனால் களத்தில் இந்த இரண்டையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

'ஆஸ்திரேலியப் பழங்குடிகள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பியர் வந்து இறங்கியபோது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. பாலைவனத்தில் சரியாக இருக்கும் பழக்கம் வடக்கின் சவன்னாவில் தவறாகப் போகலாம். அதனால் நன்றாக ஆராயப்பட்ட ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்: மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வாழும் மார்ட்டு மக்களின் நிலம். 2002-ல் நீதிமன்றம் அவர்களுடையதென்று உறுதி செய்த பரப்பு சுமார் 1,36,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. பர்ன்ங்குர், புன்மு, குனவரிட்ஜி என்ற சிற்றூர்களில் இருப்பவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் சில நூறு பேர்தான்.

அந்த நிலத்தின் பெரும்பகுதியை மூடியிருப்பது ஸ்பினிஃபெக்ஸ் புல். ஊசி முனை இலைகளோடு மேடு மேடாக வளரும். இலையில் பிசின் அதிகம், பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். இளம் புல் மேடுகளுக்கு நடுவே வெறும் மணல் கிடப்பதால் தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது. புல் முதிர்ந்து இடைவெளி மூடிய பிறகு தாவும், காற்றிருந்தால் ஓடும். ஒருமுறை எரிந்த இடம் மறுபடி தீயைச் சுமந்து செல்லும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். எத்தனை ஆண்டு என்பது மழையைப் பொறுத்தது. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அண்மையில் எரிந்த நிலம் அடுத்த தீக்குத் தடுப்புச்சுவர். எங்கே பார்த்தாலும் ஒரே வயதுள்ள முதிர்ந்த புல் நின்றால், கோடையில் விழும் ஒரு மின்னல் நாள்கணக்கில் எரியும் தீயாகிவிடும்.

இப்போது உடும்பு. பிடிக்கப்படுவது மணல் உடும்பு. நம்மூர் உடும்பின் பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் சிறியது. மே முதல் ஆகஸ்ட் வரை, அங்கே குளிர்காலத்தில், அது வளைக்குள் போய் ஒடுங்கிவிடும். வளைவாயை மணலால் அடைத்துக்கொள்ளும். முதிர்ந்த ஸ்பினிஃபெக்ஸுக்கு நடுவே அந்த வளையைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ முடியாத காரியம். அதனால் வேட்டைக்காரர்கள் முதிர்ந்த புல்லுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் காற்றுக்குக் குறுக்கே நடந்துகொண்டே தீ வைப்பார்கள். இந்த வேட்டையில் பெரும்பான்மை பெண்கள். முன்பு கையில் கொள்ளிக்கட்டை, இப்போது லைட்டர். குளிர்காலக் காற்று மெலிந்தது, பக்கத்தில் ஏற்கெனவே எரிந்த பகுதிகளும் உண்டு, ஆகவே தீ ஓரளவு போய்த் தானே நின்றுவிடும். மின்னல் தீயோடு ஒப்பிட்டால் எரிவது சின்னத் துண்டு.

தீ ஓய்ந்ததும் சாம்பலில் வரிசையாகப் பரந்து நடப்பார்கள். கண் தேடுவது இரண்டை: வளை தோண்டியபோது வெளியே தள்ளப்பட்ட மணல், அடைபட்ட வாயின் தளர்ந்த மண். கிடைத்ததும் உடனே தோண்டிவிட மாட்டார்கள். இரும்புக் கோலால் சுற்றிலும் குத்திப் பார்ப்பார்கள். மரத்தில் செய்த தோண்டுகோலின் இடத்துக்கு இன்று கடப்பாரை வந்துவிட்டது. கீழே வெற்றிடம் இருந்தால் கோல் திடீரென்று இறங்கும், ஒலியும் மாறும். உடும்பு படுத்திருக்கும் அறையிலிருந்து தரைக்கு மிக அருகே வரை தப்பிக்கும் வழி ஒன்று வைத்திருக்கும். மேலே ஒரு விரற்கடை மண்தான் மூடியிருக்கும், முட்டித் தள்ளினால் வெளியே. அந்த இடத்தைக் கவனிக்காமல் வாய்ப்பக்கமிருந்தே தோண்டிக்கொண்டு போனால் உடும்பு முதுகுக்குப் பின்னால் கிளம்பி ஓடிவிடும். புதிதாய்ப் பழகுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். பிடித்ததும் தலையில் அடித்துக் கொன்று, தீயில் வாட்டித் தோல் சுரண்டி, குடல் நீக்கி, சூடான சாம்பலிலும் தணலிலும் புதைத்து வேக வைப்பார்கள்.

வெயில் காலத்தில் இதே உடும்பு வெளியே திரியும். மணலில் தடம் பிடித்தே தொடர்ந்து போகலாம், தீ வைக்கத் தேவையில்லை. அதாவது, புல் உலர்ந்து காற்று அடித்து, தீ வைத்தால் கைமீறிப் போகும் பருவத்தில் உடும்பு வேட்டைக்குத் தீயே வேண்டாம். தீ வேண்டிய பருவத்தில் தீ அடங்கி எரியும். யாரும் திட்டம் போட்டு இப்படி அமைக்கவில்லை, உடும்பின் வாழ்க்கைமுறை அப்படி. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த பகுதி இது.

எரிந்த துண்டுக்கு அப்புறம் என்ன ஆகிறது? மார்ட்டு மக்கள் அதை ஐந்து கட்டங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கரி மட்டும் கிடக்கும் புது எரிநிலம் நியுர்ன்மா. மழை பெய்ததும் பச்சை துளிர்க்கும், அடுத்த கட்டம் அது. அதன் பிறகு சில ஆண்டுகள் அந்த இடம்தான் காய்கனிக் கடை: கத்தரி, சுண்டைக்காய்ச் சாதியைச் சேர்ந்த காட்டுத் தக்காளிகள், மாவரைக்கும் சிறுதானியப் புற்கள், காட்டுப் புகையிலை. ஒரு வகைக் காட்டுத் தக்காளி செடியிலேயே வற்றலாகக் காய்ந்து தொங்கும், அப்படியே உதிர்த்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வகையில் விதை கசக்கும், கீறி விதையைச் சுரண்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும். பிறகு ஸ்பினிஃபெக்ஸ் மெல்ல மெல்ல எழுந்து மற்றச் செடிகளை அமுக்கிவிடும். கடைசிக் கட்டம் குனர்க்கா, நடு காய்ந்து வளையமாகிப்போன கிழட்டுப் புல். உணவென்று பார்த்தால் அங்கே கிடைப்பது சொற்பம், அடுத்து தீ வைக்க வேண்டிய இடம் அது. வேட்டை தொடர்ந்து நடக்கும் நிலத்தில் இந்த ஐந்து கட்டமும் நடந்து போகிற தூரத்துக்குள் பக்கம் பக்கமாக இருக்கும். மின்னல் மட்டுமே எரிக்கும் நிலத்தில் ஒரே கட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீளும்.

உடும்புக் கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. மார்ட்டு நிலத்தில் நீண்டகாலம் களப்பணி செய்த ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு, ஊருக்குப் பக்கத்தில், அதிகமாக வேட்டையாடப்படும் பகுதிகளில்தான் மணல் உடும்பு அதிகம் என்றது. உடும்புக்குப் பலவகைப் புல்வயது வேண்டும். இளம் எரிநிலத்தில் இரை தேடும், முதிர்ந்த புல்லுக்குள் ஒளியும், இரண்டும் சந்திக்கும் விளிம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. நூறு சின்னத் தீக்கள் உண்டாக்கும் விளிம்பின் நீளத்தை ஒரு பெருந்தீ உண்டாக்காது. பிடிபடும் உடும்பால் ஏற்படும் இழப்பைவிட இந்த வாழிட மாற்றத்தால் வரும் லாபம் பெரிது. வேட்டைக்காரர் உடும்பின்மேல் இரக்கம் கொண்டு நிறுத்திக்கொள்வதால் வந்த லாபம் இல்லை இது. உடும்பு தேடி வைத்த தீயே நிலத்தைத் துண்டுபோட்டிருக்கிறது. ஆகவே 'வேட்டையை விட்டுவிட்டுத் தீயை மட்டும் வையுங்கள்' என்று யாராவது சொன்னால், அந்தத் தீயை நூற்றுக்கணக்கான இடங்களில், ஆண்டுதோறும், நடந்துபோய் வைக்க யாருக்கு என்ன காரணம் இருக்கும் என்று பதில் சொல்ல வேண்டும்.

நிறுத்திப் பார்த்த சோதனையும் ஒருவகையில் நடந்தது. உவூமரா ஏவுதளத்திலிருந்து ஏவப்படவிருந்த புளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டுகள் விழும் பாதையில் இருந்ததால், 1964-ல் பாலைவனத்துக்குள் எஞ்சியிருந்த மார்ட்டு மக்களும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் திரும்பி வந்து ஊர் அமைக்கும்வரை அந்த நிலத்தில் வேட்டைத்தீ எரியவில்லை. மக்கள் இருந்த காலத்தில், 1953-ல் எடுத்த வான்படங்களில் சின்னச் சின்ன எரிதழும்புகள் நெருக்கமாகத் தெரிகின்றன. பின்னாளில் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் பல்லாயிரம் ஹெக்டேர் அளவுள்ள ஒரே தழும்புகள். இது உறுதி, படத்தை வைத்து அளந்தது.

அதே காலத்தில் பாலைவனத்தின் சிறிய, நடுத்தர அளவுப் பாலூட்டிகள் பல மறைந்தன என்பதும் உறுதி. மாலா என்ற முயல் அளவுக் கங்காரு இனம் நல்ல எடுத்துக்காட்டு. பழைய ஸ்பினிஃபெக்ஸுக்கு அடியில் படுத்து, புதுத் துளிரில் மேயும் விலங்கு அது. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் டனாமி பாலைவனத்தில் மட்டும் இரண்டு கூட்டங்கள் எஞ்சியிருந்தன. ஒன்றை 1987-ல் நரி முடித்தது, இன்னொன்றை 1991-ல் ஒரு காட்டுத்தீ துடைத்துவிட்டது. முன்பே பிடித்து வளர்த்தவற்றின் வாரிசுகள்தான் இன்று வேலியிட்ட இடங்களில் இருக்கின்றன. ஆனால் 'மக்கள் வெளியேறியதால்தான் விலங்குகள் அழிந்தன' என்று ஒற்றை வரியில் முடிப்பது அவசரம். பூனையும் நரியும் அதே நூற்றாண்டில்தான் பரவின, முயலும் ஒட்டகமும் மேய்ச்சலைத் தின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. பெருந்தீ மறைவிடத்தை எரித்துவிட்டால் பூனைக்கு வேட்டை எளிதாகிறது என்ற கூட்டு விளக்கம்தான் இன்று பலரும் ஏற்பது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

பூனை என்றதும் ஒன்று. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 700 கிலோமீட்டரில் கிவிர்குரா என்ற ஊர் இருக்கிறது, பின்டுபி மக்களின் ஊர். பூனை அந்த நிலத்துக்குப் புதியது, ஆனால் அவர்கள் அதை உணவுப் பட்டியலில் சேர்த்துத் தலைமுறைகள் ஆகிவிட்டன. புதுத் தடத்தைப் பிடித்து, பகல் வெயிலில் விடாமல் நடந்து தொடர்வார்கள். பூனையால் வெயிலில் நெடுநேரம் ஓட முடியாது, களைத்து ஒரு புதரடியில் ஒதுங்கும்போது அகப்படும். அங்கே பில்பி என்ற நீண்ட காதுள்ள சிறு பாலூட்டியும் பெரும் பாலைவன அரணையும் இன்னும் வாழ்கின்றன, இரண்டுமே பூனைக்கு இரையாகும் அரிய உயிர்கள். நச்சு உணவும் பொறியும் வைத்துப் பூனையைப் பிடிப்பது கடினமான வேலை, ஏனென்றால் பூனை உயிருள்ள இரையையே விரும்பும். தடம் பார்ப்பவரின் கண் இருந்தால் மட்டும் முடிகிற வேட்டை இது. குறை என்னவென்றால், அப்படித் தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஊரைச் சுற்றி அவர்கள் நடக்க முடிந்த தூரம் வரைதான் பயன்.

யார் எங்கே தீ வைக்கலாம் என்பதும் கட்டற்ற விஷயம் அல்ல. டனாமி பக்கத்து வார்ல்பிரி மக்களிடம் ஒவ்வொரு நிலத்துக்கும் தந்தை வழியில் உரிமை பெற்ற கிர்டா இருப்பார்கள், தாய் வழியில் பொறுப்பு பெற்ற குர்துங்குர்லு இருப்பார்கள். முதலாமவர் உடையவர், இரண்டாமவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கும் மேற்பார்வையாளர். அவர் சம்மதமில்லாமல் உடையவரே கூட முக்கியமான காரியங்களைச் செய்ய முடியாது. சடங்குக்குத் தாய்மாமன் வராமல் தட்டு எடுக்காத குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கச் சிரமம் இருக்காது. அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றித் தீ வைத்தால் அது குற்றம், பழைய நாளில் சண்டையில் முடியும். புனித இடங்களைச் சுற்றி முன்கூட்டியே மெல்ல எரித்துத் தடுப்பு அமைப்பதும் இந்தப் பொறுப்பில் சேர்ந்தது.

வடக்கே ஆர்னம் நிலத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே பருவமழை உண்டு. ஓராண்டுப் புல் ஆளுயரத்தைத் தாண்டி வளரும், ஏப்ரல் வாக்கில் வரும் கடைசிப் புயல்மழை அதைச் சாய்த்துப் போடும், உடனே தரை காயத் தொடங்கும். கக்காடு தேசியப் பூங்காப் பக்கத்து பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பார்க்கிறார்கள். மே மாதத்தில் தொடங்கும் யெக்கே பருவத்தில் எரிப்பு ஆரம்பம். பின்மதியத்தில் தீ வைத்தால் இரவுப் பனி அணைத்துவிடும், ஈரமான ஓடைக்கரையில் தானே நின்றுவிடும். இப்படி ஜூலை வரை ஆங்காங்கே எரித்து வைத்தால் செப்டம்பர், அக்டோபரில் வரும் கடுந்தீ ஓட இடமிருக்காது. பிந்தி எரித்தால் மரத்தின் உச்சிவரை கருகும். அங்குள்ள வடக்கத்திச் சைப்ரஸ் பைன் மரம் கடுந்தீயில் செத்துவிடும், மீண்டும் துளிர்க்காது. அதனால் காட்டில் செத்து நிற்கும் சைப்ரஸ் பைன்களைப் பார்த்தே அந்த இடத்தில் பல ஆண்டுகளாகத் தீ தவறாகப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கிழங்கெடுப்பிலும் இதே கணக்கு. ஆர்னம் நிலத்து நீளக்கிழங்கு நம் வள்ளிக்கிழங்கின் பேரினம். மழைக்காலத்தில் படர்ந்த கொடி வறண்ட பருவத்தில் காய்ந்து நூலாகிவிடும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் அது மண்ணில் இறங்கும் இடத்தில் தோண்ட வேண்டும். முன்பே தீ ஓடிவிட்டால் கொடி சாம்பல், கிழங்கு கீழே இருந்தும் பயனில்லை. அதனால் கிழங்கு விளையும் கொடிக்காட்டுத் திட்டுகளைச் சுற்றிப் பருவத்தின் தொடக்கத்திலேயே எரித்துப் பெருந்தீ உள்ளே போகாமல் காப்பார்கள். தோண்டும் பெண்கள் கிழங்கின் தலைப்பகுதியைக் கொடியோடு விட்டுவிட்டுக் கீழ்ப்பாகத்தை மட்டும் முறித்து எடுப்பார்கள். கிளறிப்போட்ட இளகிய மண்ணில் அந்தத் தலை அடுத்த மழைக்குத் தழைக்கும். தென்கிழக்கில் முர்னாங் என்ற சிறுகிழங்கையும் பெண்கள் இப்படித்தான் கிளறிக் கிளறி எடுத்து வந்தார்கள். 1830களில் செம்மறி மந்தைகள் வந்து கிழங்கை வேரோடு தின்று மண்ணையும் மிதித்து இறுக்கிய பிறகு, விரைவிலேயே அது அரிய செடியாகிவிட்டது.

கக்காடின் வெள்ளச் சமவெளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தீயும் உணவும் வேறு மாதிரிச் சேர்கின்றன. எருமைகளை 1980களில் அகற்றியபின் முஜா என்ற நாட்டு நீர்ப்புல் தடையில்லாமல் படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. அல்லி போனது, அல்லியோடு வாத்தும் ஆமையும் அரிதாயின. நிலத்துக்குரிய குடும்பத்தினர் நீர் வடிய வடிய ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக எரித்துத் திறந்த நீரை மீட்டார்கள். இதில் நேரம் தப்பினால் கெடுதல். சேறு ஈரமாக இருக்கும்போது எரித்தால் மேலே கிடக்கும் தட்டை மட்டும் போகும். முற்றிலும் வறண்டபின் எரித்தால் தீ மட்கிய மண்ணுக்குள்ளேயே இறங்கிப் புகைந்துகொண்டிருக்கும், வேரும் போய்விடும். எரிந்த வறண்ட சேற்றில் பெண்கள் கழுத்து நீண்ட ஆமையின் மூச்சுத்துளையைத் தேடி இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள், ஓட்டில் பட்டால் ஒலி தெரியும்.

இந்த முன்பருவத் தீக்கு இப்போது பணமும் கிடைக்கிறது. மேற்கு ஆர்னம் நிலத்தில் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2006-ல் ஒரு திட்டம் தொடங்கியது. டார்வினில் இயற்கை எரிவாயு ஆலை வைத்த கோனோகோபிலிப்ஸ் நிறுவனம் தன் உமிழ்வுக்கு ஈடாகப் பழங்குடி ரேஞ்சர்களின் தீப்பணிக்குப் பணம் கொடுத்தது, ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வைக் குறைப்பது இலக்கு. எரியும் புல் அடுத்த ஆண்டு முளைத்துக் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் அது கணக்கில் வராது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் எண்ணப்படும். பிந்திய பெருந்தீயைக் குறைத்தால் எரியும் மொத்த அளவு குறையும், இந்த இரண்டும் குறையும். கணக்கு தெளிவானது. எனக்குள்ள தயக்கம் வேறு: பணம் உமிழ்வுக்குத்தான், உடும்புக்கோ கிழங்குக்கோ இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் உருண்டைகளில் தீப்பிடிக்க வைக்கும் கிளைக்கால் என்ற திரவத்தைச் செலுத்திக் கொட்டிக்கொண்டே போனால் ஏக்கர்கணக்கு ஏறும், தீ நேர்கோட்டில் போகும். ஆளில்லாத பாறைமேட்டுக்கு ஹெலிகாப்டர் தவிர வழியில்லை என்பது உண்மை. ஆனாலும் நடந்து போகிறவர் புல்லைக் கையில் நொறுக்கிப் பார்த்து, காற்றைப் பார்த்து, 'இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் வை' என்று சொல்லும் தேர்வு மேலிருந்து வராது. நல்ல குழுக்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன.

இனி, வாதம் பொருந்தாத இடம். டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் கடற்பசுவை எறியீட்டியால் வேட்டையாடுகிறார்கள். நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்று சொல்லும் அதே விலங்கு, அதற்காகவே 2022-ல் தமிழ்நாடு ஒரு காப்பகம் அறிவித்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் வேட்டைதான். ஆனால் கடற்பசு வேட்டை கடற்புல்லை வளர்ப்பதில்லை. தீயைப் போல வாழிடத்தை மாற்றித் தரும் எதுவும் அதில் இல்லை. பெண் கடற்பசு முதல் குட்டி ஈனவே ஆறு ஆண்டு முதல் பதினேழு ஆண்டு வரை ஆகலாம், அடுத்த குட்டிக்குப் பல ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக இருந்தாலும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. எனவே அங்கே கேள்வி எளிது: எத்தனை பிடிக்கலாம்? விடை அளவுகளிலும் தடைசெய்யப்பட்ட பகுதிகளிலும் ஊர் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் 2005 முதல் நிலத்துக்குரிய மக்களே இப்படி ஒப்பந்தம் எழுதி, சில இடங்களில் வேட்டையைத் தாங்களே நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். உடும்பின் கதையைக் கடற்பசுவுக்குப் பொருத்திப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். அதேபோல, கடற்பசுவைக் காட்டி உடும்பு வேட்டையைத் தடுக்கச் சொல்பவர்களையும்.

சட்டம் சுருக்கமாக. பழங்குடிகளின் நில உரிமையை ஏற்ற 1992-ன் மாபோ தீர்ப்புக்குப் பின் வந்த 1993-ம் ஆண்டுப் பூர்வ நிலவுரிமைச் சட்டத்தின் 211-வது பிரிவு, உரிமை உள்ளவர்கள் சொந்த, குடும்ப, வணிகமல்லாத தேவைக்கு உரிமம் இல்லாமல் வேட்டையாட, மீன் பிடிக்க, சேகரிக்க இடம் தருகிறது. குவின்ஸ்லாந்தில் இரண்டு இளம் முதலைகளை எறியீட்டியால் பிடித்த முரண்டூ யானர்மேல் போட்ட வழக்கில் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் 1999-ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மோட்டார் படகில் போனதால் மரபு மரபல்லாமல் போய்விடவில்லை. துப்பாக்கியும் லேண்ட் குரூசரும் இருந்தால் அது என்ன பாரம்பரியம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் சட்டத்தின் பதில். சூழலியலின் பதில் கொஞ்சம் வேறு: வண்டி வந்தபின் தீயும் வேட்டையும் பாதையோரமாகக் குவிகின்றன, பாதையிலிருந்து தள்ளியுள்ள இடங்கள் எரியாமல் முதிர்ந்துபோகின்றன. டீசல் விலை ஏறினால் எரியும் நிலத்தின் பரப்பு சுருங்கும்.

புதிதாகச் சேர்ந்த பெரிய சிக்கல் அயல் புற்கள். வடக்கில் மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் கம்பா புல் நான்கு மீட்டர் வளர்ந்து, நாட்டுப் புல்லைவிடப் பல மடங்கு உக்கிரமாக எரியும். அங்கே முன்பருவத்தில் வைத்த தீயே மரத்தைக் கொல்லும், பழைய அறிவு அப்படியே உதவாது. பாலைவனத்தில் பஃபல் புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாட்டுக்கு உயிராக இருக்கும் கொழுக்கட்டைப்புல்தான் அது. அங்கே ஸ்பினிஃபெக்ஸ் மேடுகளுக்கு இடையில் வெறும் மணலாக இருந்த இடைவெளியை அது நிரப்பிவிடுகிறது. எரிந்தால் உடனே துளிர்த்து, விரைவில் மறுபடி எரியத் தயாராகிவிடும். எரிநிலம் தடுப்புச்சுவர் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கு பஃபல் புல் உள்ள இடத்தில் செல்லாது.

சர்ச்சைக்குரியவற்றையும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே மஜெட்பெபே பாறைக்குகையில் மனிதர் வாழ்ந்த தடத்துக்குச் சுமார் 65,000 ஆண்டு என்று 2017-ல் காலம் குறித்தார்கள், அதையே எல்லாரும் ஏற்கவில்லை. முதலில் வந்த மனிதர்களின் தீதான் கண்டத்தின் தாவரங்களை மாற்றியதா, பெரிய விலங்குகள் அழிந்ததில் அவர்கள் பங்கென்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 'தீக்கொள்ளி வேளாண்மை' என்று தொல்லியலாளர் ரைஸ் ஜோன்ஸ் 1969-ல் எழுதியது முதல் இந்த விவாதம் ஓயவில்லை. இன்றைய வேட்டைத்தீயின் பலனைப் பேச அந்த விடை தேவையில்லை. இரண்டாவது, கக்காடில் தீப்பணி நடந்துகொண்டிருந்தபோதே சிறு பாலூட்டிகள் சரிந்தன. தீயின் அளவா, அடிக்கடி எரிந்ததா, பூனையா என்று ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். குவால் என்ற சிறு ஊனுண்ணிக்கு 2001-ல் அங்கே வந்து சேர்ந்த கரும்புத் தேரை எமன், அதன் நஞ்சு பெரிய உடும்புகளையும் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வடக்கில் உடும்புக் கறி அரிதாகிப்போனதற்கு வேட்டைக்காரர் காரணமில்லை. மூன்றாவது, 2019-20-ன் தென்கிழக்குக் காட்டுத்தீக்குப் பின் 'பழங்குடி முறையில் எரித்திருந்தால் இது நடந்திருக்காது' என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஸ்பினிஃபெக்ஸ் நிலத்தின் அளவீடுகளை யூகலிப்டஸ் மலைக்காட்டுக்கும் வீடுகள் நெருங்கிய பள்ளத்தாக்குக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. மெல்லிய தீ கீழ்ப்புதரைக் குறைக்கும் என்பது சரி, உச்சக்கட்ட வெப்பமும் காற்றும் சேர்ந்த நாளில் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பாலைவனத்தில் விடை கிடைக்காது.

நம்மூரில் விடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: விடக்கூடாது. இங்குள்ள உடும்பு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், மார்ட்டு நிலத்தில் உடும்பைப் பெருக்கியது வேட்டை என்ற செயல் தனியாக அல்ல. தீயில்லாமல் உடும்பு அகப்படாத குளிர்காலம், எரிந்தால் பல ஆண்டு தீயைத் தடுக்கும் புல், தமிழ்நாடு அளவு நிலத்தில் சில நூறு பேர், தின்பதற்கு மட்டும் பிடிப்பது என்ற நான்கும் சேர்ந்துதான் அதைச் செய்தன. எண்ணெய்க்கும் மருந்துக்கும் சந்தையில் விற்கப் பிடிக்கப்படும் நம்மூர் உடும்புக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.